அத்தியாயம் 6: காற்றைப் பார்த்து நடங்கள் – வேளாங்கண்ணியிலிருந்து கோடியக்கரைக் காட்டுக்கு ஒரு நாள்

மலைக்குப் போகிறவர் ஸ்வெட்டர், பூட்ஸ், கைத்தடி என்று ஒரு வாரம் முன்பே எடுத்து வைப்பார். கோடியக்கரைக்குப் போகிறவரோ ரப்பர் செருப்பும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பிவிடுவார். தரை சமம்தானே, நடந்தால் என்ன கஷ்டம் என்ற நினைப்பு. ஏறுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது உண்மை. சரணாலயத்திலேயே உயரமான மணல்மேடான ராமர் பாதம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 4 மீட்டர்தான். ஆனால் புல்வெளியிலும் சேற்றுநிலத்திலும் ஒதுங்க ஒரு பாறை கிடையாது, பள்ளத்தாக்கு கிடையாது. வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சந்திக்கும் முனை அது. காற்று எந்தத் திசையில் வந்தாலும் நேரே உங்கள் மேல்தான் மோதும்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் முதல் விதி: போகும்போது காற்று முகத்தில் இருக்கட்டும், திரும்பும்போது முதுகில் இருக்கட்டும். களைப்பில்லாத கால்கள் காற்றை எதிர்க்கும். களைத்த கால்களைக் காற்றே தள்ளிக்கொண்டு வரும். இதை மாற்றிச் செய்தவர்கள்தான் மதிய வெயிலில், கண்ணில் மணலோடு, வண்டி நிற்கும் இடம் தெரிந்தும் போய்ச் சேர முடியாமல் திண்டாடுகிறார்கள்.

எப்போது போகலாம்

கோடியக்கரை வனவிலங்கு சரணாலயம் 1967இல் முக்கியமாக வெளிமானுக்காக ஏற்படுத்தப்பட்டது. 2002இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மான் ஆண்டு முழுக்க இருக்கும். வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச் வாக்கில் கிளம்பும். இரண்டையும் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், சரணாலயத்து ஏரியில் தண்ணீர் இருக்கும், வெயில் தாங்கும்.

அந்த மாதங்களில் அடிப்பது வாடை. வடகிழக்கிலிருந்து வரும், காலையில் மெல்லத் தொடங்கி மதியத்துக்கு மேல் வலுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான், அதாவது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் காய்ந்த சூட்டுக் காற்று. புல் கருகி, மண் பறக்கும் அந்த நாட்களில் நடையை விட்டுவிட்டு, வண்டியில் காலை ஒரு சுற்று வந்துவிடுங்கள்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் அன்று பயணம் இல்லை. எண் 1ஆக இருந்தாலும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. காட்டில் மரங்கள் சாய்ந்தன, மான்களும் குதிரைகளும் மடிந்தன. அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்த பிராணிக்கே ஒதுங்க இடம் கிடைக்கவில்லை.

வேளாங்கண்ணியில் தங்கிப் போகிறவர்கள் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரையிலான திருவிழா நாட்களைத் தவிர்க்கலாம். அறை கிடைக்காது, சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும், சரணாலயத்திலும் பறவைகள் அப்போது குறைவு.

எடுத்துப் போக வேண்டியவை

1. தண்ணீர், ஆளுக்கு 3 லிட்டர். காட்டுக்குள் குடிநீர் கிடைக்காது. காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் உடம்பு தண்ணீர் இழப்பது தெரியவே தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல், கடிகாரம் பார்த்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் குடியுங்கள். ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து வையுங்கள்.

2. கெட்டியான அடிப்பாகமுள்ள ஷூ. சீமைக் கருவேல முள்ளை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். விரல் நீளம், ஆணி மாதிரி விறைப்பு. உதிர்ந்து மணலில் புதைந்து கிடக்கும் முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறிவிடும். நுனி உள்ளே ஒடிந்து நின்றால் நாலு நாள் வீங்கிக் கிடக்க வேண்டியதுதான்.

3. தாடையில் கட்டும் நாடா வைத்த தொப்பி. நாடா இல்லாத தொப்பி முதல் அரை மணியிலேயே பறந்துவிடும். தொப்பி இல்லாவிட்டால் பருத்தித் துண்டை முண்டாசாகக் கட்டுங்கள். மணல் பறந்தால் அதே துண்டு மூக்கையும் வாயையும் மூட உதவும்.

4. சாதாரணக் கண்ணாடி அல்லது கூலிங் கிளாஸ். அழகுக்கு அல்ல, மணலுக்கு.

5. முழுக்கைச் சட்டை. காக்கி, சாம்பல், மங்கிய பச்சை நிறங்கள் நல்லது. வெள்ளையும் சிவப்பும் வேண்டாம்.

6. ஓர் ஆள் மார்பு உயரத்துக்கு ஒரு கம்பு. இதன் பயன் சேற்றுப் பகுதியில் தெரியும்.

7. பைனாகுலர், சின்ன முதலுதவிப் பை, முள் எடுக்க ஊசியும் இடுக்கியும்.

குடை எடுத்துப் போகாதீர்கள். காற்றில் அது உங்களைத்தான் இழுக்கும். திடீரென்று விரியும் குடையைப் பார்த்தால் மான் கூட்டம் அரை மைல் ஓடும்.

வேளாங்கண்ணியிலிருந்து போய்ச் சேர

வேளாங்கண்ணியிலிருந்து திருப்பூண்டி, வேட்டைக்காரனிருப்பு வழியாக வேதாரண்யம். அங்கிருந்து அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு தாண்டி கோடியக்கரை. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

1. விடியற்காலை நாலரைக்குக் கிளம்புங்கள். சூரியன் எழும்போது கோடியக்கரையில் இருக்க வேண்டும். பேருந்தை நம்பினால் இது நடக்காது. முந்தின நாள் மாலையே பேருந்தில் வேதாரண்யம் போய்த் தங்குங்கள், அல்லது நாலைந்து பேர் சேர்ந்து கார் பேசிக்கொள்ளுங்கள். கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. அதற்கு முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும்.

2. ரயிலில் வருகிறவர்களுக்கு: திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகலப் பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கடைசி நிலையத்தில் இறங்கினால் காடு பக்கம்தான். ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

3. பைக்கில் போகிறவர்கள் இரண்டு இடங்களில் கவனமாக இருங்கள். சம்பா அறுவடைக் காலத்தில் சாலையில் பாதிக்கு நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும். வேகத்தை முன்பே குறையுங்கள். அடுத்தது அகஸ்தியம்பள்ளி தாண்டியதும் வரும் உப்பளப் பகுதி. இரு பக்கமும் வெட்டவெளி என்பதால் பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். கைப்பிடியை இறுக்காமல், வேகத்தைக் குறைத்து, சாலையின் நடுப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுங்கள்.

அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்தே கிளம்பியவர்கள் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். திரும்பும்போது அங்கே நில்லுங்கள். காலையில் நின்றால் வெளிச்சம் போய்விடும்.

4. கோடியக்காட்டுக்குள் நுழைந்ததும் வண்டியை மெதுவாக்குங்கள். புள்ளிமான் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எண்ணி நில்லுங்கள்.

சோதனைச் சாவடியில்

நுழைவுக் கட்டணம், கேமரா கட்டணம், வண்டிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சில்லறை வைத்திருங்கள். நடந்து போக விருப்பம் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். கூட வனக்காவலரோ உள்ளூர் வழிகாட்டியோ வருவதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அவர்கள் காட்டும் பாதையை விட்டு விலகாதீர்கள். ட்ரோன், மது, பிளாஸ்டிக் பை எதுவும் கூடாது.

காவலரிடம் மூன்று கேள்விகளைக் கேட்காமல் நகராதீர்கள்: “அண்ணே, இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம்? மான் எங்க நிக்குது? சேறு காஞ்சிருக்கா?” பதில்களைக் கேட்ட பிறகு நடையின் திசையை முடிவு செய்யுங்கள். அன்றாடம் அந்த மண்ணில் நடக்கிறவருக்குத் தெரிவது எந்த வரைபடத்திலும் கிடைக்காது.

நடை, படிப்படியாக

வாடைக் காலத்துக்கான வரிசை இது.

1. காலை 6 முதல் 8 வரை: புல்வெளி. கோடியக்கரை ஊர்ப் பக்கமிருந்து வடக்கு நோக்கி, காற்றுக்கு எதிராக நடங்கள். நடையின் கடினமான பாதி இது, உடம்பு தெம்பாக இருக்கும்போதே முடிந்துவிடும். முதல் பத்து நிமிடம் மெதுவாகவே நடங்கள். எதிர்க்காற்றில் வேகமாக நடக்கிறவர் அரை மணியில் மூச்சு வாங்குவார்.

2. 8 மணி: ராமர் பாதம். சின்ன மண்டபத்துக்குள் பாதச் சுவடு. மேட்டில் நின்றால் சுற்றிலும் காட்டின் முகடு தெரியும்: பாலை, நாவல், காரை என்று உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள். காற்று வெட்டி வெட்டி அவற்றின் தலை ஒரே மட்டமாக, கடல் பக்கம் தாழ்ந்து உள்பக்கம் உயர்ந்து நிற்பதைக் கவனியுங்கள். கையில் காம்பஸ் இல்லாதபோது கடல் எந்தப் பக்கம் என்று மரமே சொல்லும். உட்கார்ந்து சாப்பிட இந்த இடம் வேண்டாம், குரங்குகள் பையைப் பறிக்கும்.

3. 8.30 முதல் 9.30 வரை: முனியப்பன் ஏரிப் பக்கம், காவலர் அனுமதித்தால். நன்னீர் என்பதால் பிராணிகள் தண்ணீருக்கு வரும் இடம். கரையிலிருந்து தள்ளி நின்று பாருங்கள்.

4. 9.30க்குத் திரும்புங்கள். எங்கே இருந்தாலும், என்ன தென்பட்டாலும் திரும்புங்கள். காற்று இப்போது முதுகில் இருக்கும். பத்தரைக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் முதல் படியோடு நிறுத்தி, ராமர் பாதத்துக்கு வண்டியில் போகலாம். காட்டுக்குள் கழிப்பறை கிடையாது. இதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

வெளிமானைப் பார்ப்பது எப்படி

வெளிமானுக்கு மூக்கை விடக் கண்தான் காவல். பதுங்கி, குனிந்து, புதருக்குப் புதர் தாவிப் போகிறவரை அது வேட்டைக்காரராகவே எடுத்துக்கொள்ளும். வெளிப்படையாக, மெதுவாக, கோணலாக நடப்பவரை அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

1. தூரத்தில் கூட்டம் தெரிந்ததும் நில்லுங்கள். இரண்டு நிமிடம் அசையாதீர்கள். அவை மறுபடி மேயத் தொடங்கட்டும்.

2. நேரே போகாமல், அவற்றைக் கடந்து எங்கோ போகிறவர் மாதிரிச் சாய்வாக நடங்கள்.

3. ஒரு மான் தலை தூக்கினால் நின்றுவிடுங்கள். எல்லாத் தலைகளும் தூக்கினால் அதற்கு மேல் ஓர் அடியும் வைக்காதீர்கள், இரண்டடி பின்வாங்குங்கள். ஒன்று நின்ற இடத்திலிருந்து மேலே துள்ளினால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

கறுத்த முதுகும் முறுக்குக் கொம்புமாக, தனியாக ஓரிடத்தைச் சுற்றிச் சுற்றி நிற்பது முதிர்ந்த ஆண். அது தன் எல்லையைக் காக்கிறது. அதை ஓட வைத்தால் அந்த இடம் அதன் கையை விட்டுப் போகலாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி இது. துரத்துவது, கல்லெறிவது, வண்டியில் பின்தொடர்வது எல்லாம் குற்றம். படம் எடுக்கும் ஆசையில் மானை ஓட வைப்பவரைக் கண்டால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள். கொளுத்தும் வெயிலில் ஓடி இழக்கும் தண்ணீரை ஈடு செய்ய அதற்கு ஏரி ஒன்றுதான் இருக்கிறது.

காட்டுக் குதிரைகளிடமும் கவனம் தேவை. ஒரு காலத்தில் வீட்டில் வளர்ந்து காட்டில் விடப்பட்டவற்றின் வழிவந்தவை இவை. சாதுவாகத் தெரியும். குட்டி அருகில் இருந்தால் உதைக்கும். பின்பக்கம் போய் நிற்காதீர்கள், தின்னக் கொடுக்காதீர்கள்.

பறவைகளுக்குக் காலை நேரமே ஏன்

நிற்கிற பறவை காற்றைப் பார்த்தே நிற்கும், பறக்கக் கிளம்புவதும் காற்றுக்கு எதிராகத்தான். வாடைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. காலையில் சூரியனும் கிழக்கே. நீங்கள் பறவைக் கூட்டத்துக்குக் கிழக்குப் பக்கமாக நின்றால் காற்றும் வெளிச்சமும் உங்கள் முதுகில், பறவைகளின் முகம் உங்களைப் பார்த்து. பூநாரையின் வளைந்த அலகும் கரண்டிவாயனின் தட்டையான அலகும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அதே இடத்தில் மாலையில் நின்றால் சூரியன் எதிரே; எல்லாம் கறுப்பு நிழல்தான்.

பூநாரைகள் பெரும்பாலும் சேற்றுநிலத்தில், உப்பளத்துக்குக் கடல்நீர் ஏற்றும் பம்ப் ஹவுஸ் பக்கத்தில் கூடும். அங்கே போகத் தனி அனுமதி வேண்டும். மண் சாலையை விட்டு இறங்காமல் வண்டியிலேயே இருந்து பாருங்கள். வண்டியைக் கண்டு அவை அவ்வளவாக மிரள்வதில்லை, இறங்கி நடப்பவரைக் கண்டால் எழுந்துவிடும்.

சேறு

‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டு வருகிறவர்கள் பூங்குழலியின் கோடியக்கரையைத் தேடுவார்கள். அந்த நாவலில் வரும் புதைசேறு கற்பனைக்காகச் சேர்த்தது என்று நினைத்துவிடாதீர்கள். வேதாரண்யம் சதுப்பு மிக ஆழம் குறைந்தது. காற்று திசை மாறினால், ஒரு சாண் தண்ணீர் சில மணி நேரத்தில் வேறு பக்கம் தள்ளப்படும். காலையில் காய்ந்து கிடந்த இடம் மதியம் நனைந்திருக்கும்.

சேற்றைப் பார்த்து அறிய:

1. பாளம் பாளமாக வெடித்து, ஓரம் மேலே சுருண்டிருந்தால் கெட்டி.

2. மேலே வெள்ளை உப்புப் படலம் சமமாகப் படிந்திருந்தால் நம்பாதீர்கள். படலம் விரல் தடிமன்தான் இருக்கும், கீழே களிச்சேறு.

3. கறுத்து மினுமினுத்தால் காலே வைக்காதீர்கள்.

4. சந்தேகமிருந்தால் கம்பை ஊன்றிப் பாருங்கள். ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் வந்த வழியே திரும்புங்கள், உங்கள் காலடித் தடத்திலேயே.

கால் மாட்டிக்கொண்டால்:

1. இழுக்காதீர்கள். ஒரு காலை இழுத்தால் மற்றது இறங்கும்.

2. பையைக் கழற்றி முன்னால் போடுங்கள். கம்பைக் குறுக்கே படுக்க வையுங்கள்.

3. பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, முதுகைச் சேற்றில் பரப்புங்கள். எடை பரவினால் இறங்குவது நிற்கும்.

4. மாட்டிய காலை மெல்ல ஆட்டி, பக்கத்தில் தண்ணீர் இறங்க இடம் கொடுங்கள். ஷூ போனால் போகட்டும்.

5. உதவிக்கு வருகிறவர் அருகில் வரக்கூடாது. கெட்டித் தரையில் படுத்துக்கொண்டு கம்போ துண்டோ நீட்ட வேண்டும்.

கடற்கரையும் இடியும்

முனையில் குளிக்காதீர்கள். இரு கடல்களின் நீரோட்டம் சேரும் இடம். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி வேளாங்கண்ணிக் கரையில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கோடியக்கரையின் பழைய கலங்கரை விளக்கமும் அந்த அலையில்தான் இடிந்தது. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் உள்நாட்டுப் பக்கம் ஓடுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். இரவில் கரையில் டார்ச் அடித்துத் தேடிப் போகாதீர்கள். வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். பார்க்க விரும்பினால் வனத்துறையினருடன் மட்டும்.

இடி கேட்டால் புல்வெளியில் நீங்கள்தான் உயரமான பொருள். ராமர் பாத மேட்டிலிருந்து இறங்கிவிடுங்கள், தனி மரத்தடியில் நிற்காதீர்கள். கார் அருகில் இருந்தால் உள்ளே ஏறிக் கண்ணாடியை மூடுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, கால்களைச் சேர்த்துக் குந்தி உட்காருங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடித்த கை காலை அசைக்காமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் வேதாரண்யம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படை 1554. புல்வெளியில் செல்போன் சிக்னல் விட்டு விட்டு வரும். எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறோம் என்று சாவடியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நடை முடிந்த பின்

கோடியக்கரை மீனவர் குடியிருப்பில் டீ கிடைக்கும், சோற்றுக்கு வேதாரண்யம்தான். வெயில் தாழும் வரை காத்திருக்கிறவர்கள், சுந்தரர் பாடிய கோடிக்குழகர் கோயிலுக்குப் போகலாம்.

வண்டியில் ஏறுமுன் ஷூவின் அடியைப் பாருங்கள். முள் குத்தியிருந்தால் அங்கேயே பிடுங்கிவிடுங்கள். துணியில் ஒட்டிய விதைகளையும் அங்கேயே உதறுங்கள். மானுக்குப் புல் வேண்டிய இடத்தையெல்லாம் சீமைக் கருவேலம் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு வருகிறீர்கள். இன்னொரு செடியின் விதையை நீங்கள் ஊருக்கு ஊர் சுமக்க வேண்டாம்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ மாட்டிய பறவையைப் பார்த்திருந்தால் மறப்பதற்குள் எழுதி வையுங்கள்: எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து அல்லது எண், எந்த இடம், என்ன நேரம். சலீம் அலி காலத்திலிருந்தே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விட்டுவருகிறது. அதன் ஆய்வு மையம் கோடியக்கரையிலேயே இருக்கிறது. அந்தத் தாளை அங்கேயோ வனத்துறை அலுவலகத்திலோ கொடுத்துவிட்டு வண்டி ஏறுங்கள். செத்துக் கிடக்கும் பறவையின் காலில் வளையம் இருந்தால் தொடாமல், எண் தெரிகிற மாதிரிப் படம் எடுத்துக் காவலரிடம் இடத்தைக் காட்டுங்கள்.